பம்பரத்தின் இடப்பக்கம்

அந்த வானியல் துறையில் எல்லோரும் அவளை டெய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் பொத்தான் அறுந்தால் கணவர்தான் தைப்பார். பிறகு எப்படி இந்தப் பெயர் என்றால், அவள் பார்த்த வேலை அப்படி. ஒரே விண்மீன் மண்டலத்தை ஒரு தொலைநோக்கி புற ஊதாவில் படம் எடுத்திருக்கும், இன்னொன்று கண்ணுக்குத் தெரிகிற ஒளியில், மூன்றாவது அகச்சிவப்பில், நான்காவது ரேடியோ அலையில். நாலும் நாலு அளவு, நாலு சாய்வு, நாலு விதமான கூர்மை. அவற்றை ஒரே அளவுக்கு வெட்டி, திருப்பி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருத்தித் தருவது அவள் பொறுப்பு.

வானியல் என்றதும் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வானத்தைப் பார்க்கிற வேலை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். டெய்லர் காலை ஒன்பது மணிக்குப் பஸ் பிடித்து வந்து, இரண்டாவது மாடியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, சாயங்காலம் ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள். அவள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது, துணி காயப்போட்டிருக்கிறோமே, மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

பொருத்துகிற வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு படங்களில் எது ரொம்ப மோசமோ, அது வைத்ததுதான் சட்டம். ரேடியோப் படம் மங்கலாக இருந்தால், பளிச்சென்று இருக்கும் மற்ற மூன்றையும் அந்த மங்கல் அளவுக்கு இறக்கவேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். இதைச் செய்யும்போதெல்லாம் அடுத்த மேசைக்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் தூசியைப் பற்றியே பத்து வருஷமாக ஆராய்ச்சி செய்துவந்ததால் அவனுக்குத் தூசி என்று பெயர். அகச்சிவப்புப் படங்கள் எல்லாம் அவன் ராஜ்ஜியம்.

"பெத்த பிள்ளை மூஞ்சியில சாம்பலைப் பூசற மாதிரி இருக்குக்கா," என்பான்.

"பூசினாத்தான் உன் பிள்ளை மத்தவங்களோட விளையாட முடியும். பேசாம டீயைக் குடி," என்பாள் டெய்லர்.

அவளுக்கு அந்த வேலை உயிர். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வெட்கம். ஆராய்ச்சிப் படிப்பை முடித்த கையோடு ரெட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஒருத்திக்குச் சளி விட்டால் இன்னொருத்திக்குக் காய்ச்சல். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த எட்டு வருஷத்தில் அவள் பார்த்த வேலையை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஆறு பேரும் ராஜினாமா செய்திருப்பார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதற்குப் பெயர் 'இடைவெளி'. அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாமல், துறைத்தலைவி தன் பிடிவாதத்தால் அவளைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார். தேர்வுக் குழுவில் எதிர்த்தவர் மூத்த பேராசிரியர் ஒருவர். யாரைக் கண்டாலும் குறுக்கு விசாரணை செய்வார் என்பதால் வக்கீல் என்று பட்டப்பெயர். "எட்டு வருஷத்துல இந்தத் துறையே மாறிப்போச்சு. இவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய கணக்கு," என்று அவர் சொன்னது எப்படியோ இவள் காதுக்கும் வந்துசேர்ந்தது.

அந்தப் பதினோரு மாதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது வியாழக்கிழமை வக்கீல் தலைமையில் துறைக் குழு கூடும்போது தெரியும்; தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பங்களையும் அதே குழுதான் பார்க்கும். இதற்கிடையில் நாத்தனார் வேறு. அவள் கணவரின் தங்கை, ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. அங்கே இயற்பியல் ஆசிரியை வேலை ஒன்று காலி. நிரந்தர வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

"புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க அண்ணி. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது," என்று சொல்லியிருந்தாள். நல்ல மனசோடு சொன்னதுதான். அதனால்தான் தட்டவும் முடியவில்லை.

வியாழக்கிழமைக்கு டெய்லரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அது பம்பரம்.

பம்பரம் ஒரு பக்கத்து மண்டலம். பக்கம் என்றால், அங்கே கிளம்பிய ஒளி இங்கே வந்துசேர மூன்று கோடி வருஷம் ஆகும்; இவர்கள் பாஷையில் அதுதான் பக்கத்து வீடு. இரண்டு சுருள் கைகளை விரித்துக்கொண்டு, தட்டையாக, நேருக்கு நேர் நம்மைப் பார்த்தபடி சுழல்வதால் அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். சுருள் கை என்பது உண்மையில் ஒரு நெரிசல். குளிர்ந்த வாயு சுற்றிக்கொண்டே வந்து அதில் நுழையும், நசுங்கும், நட்சத்திரம் பிறக்கும். பிறந்தவை சுழற்சியின் போக்கிலேயே முன்னால் போய்விடும். ரேடியோவில் பார்த்தால் வாயு தெரியும், அது அம்மா. அகச்சிவப்பில், தூசிக்குள் பொத்திவைத்த பச்சைக் குழந்தைகள். புற ஊதாவில், தூசியை உதறிவிட்டு வெளியே வந்து ஆட்டம் போடும் பிள்ளைகள். அம்மா பின்னால், பிள்ளைகள் முன்னால். நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தால், வாயு நட்சத்திரமாக எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

டெய்லர் பம்பரத்தின் வலப்பக்கக் கையில் முப்பத்தொரு இடங்களில் அளந்தாள். இதுவரை எல்லோரும் சொல்லிவந்த காலத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது. எல்லோரும் சொல்லிவந்த எண் யாருடையது? வக்கீலுடையது. தலைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இடப்பக்கக் கை ரேடியோவில் ரொம்ப மங்கலாக இருந்ததால், அதைப் புதிதாக எடுக்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் தயாரானது. அதில் முதல் வரியே 'இரண்டு மடங்கு' என்றுதான் தொடங்கியது. குழுவில் இருப்பவர்களிடம் தலைவி வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அந்தப் படத்தை மடிக்கணினியில் திறந்து கணவரிடம் காட்டினாள். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். உலர்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் புள்ளிகள் வாயு, நீலப் புள்ளிகள் நட்சத்திரங்கள். ஒவ்வொரு சிவப்புக்கும் சற்று மேலே ஒரு நீலம்.

"எல்லாம் மேல நகர்ந்திருக்கு," என்றார் அவர்.

"ஆமா. இந்தப் பக்கம் சுத்து மேல போகுது. அதனால பிள்ளைங்க மேல."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் சுத்து கீழ இறங்கும். அங்க கீழ இருக்கணும்."

"இருக்கா?"

"அங்க மங்கலா இருக்குங்க. அளக்கல."

அவர் ஒரு பாவாடையை உதறினார். "எங்ககிட்ட ஒரு ஃபிலிம் வந்து, எல்லா எலும்பும் ஒரே பக்கமா நகர்ந்திருந்தா, எலும்பு நகரலைன்னு அர்த்தம். ஆள் அசைஞ்சிட்டார்."

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். அந்த மனிதருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது என்பது அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரிந்ததுதான்.

"உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணா? இது என்ன முழங்கால் படமா?" என்று வெடுக்கென்று கேட்டாள்.

"நான் எதுக்கும்மா அதெல்லாம் பேசறேன். தெரியாமத்தான் கேட்டேன். இந்த சாக்ஸுக்கு ஜோடி எங்க?"

ஜோடி கிடைத்தது. ஆனால் அவள் நிம்மதி போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பையைக்கூடக் கீழே வைக்காமல் இடப்பக்கக் கையைத் திறந்தாள். மங்கலில் ஒன்பது இடங்கள்தான் தேறின. அளந்தாள். ஒன்பதில் ஏழில் நீலம் சிவப்புக்குச் சற்று மேலேயே இருந்தது. அந்தப் பக்கம் சுழற்சி கீழே இறங்குகிறது. எனவே மேலே என்றால் பின்னால். அதாவது பிள்ளைகள் முதலில் பிறந்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கே தேடவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. புற ஊதா, அகச்சிவப்பு இரண்டிலும் நம்முடைய மண்டலத்து நட்சத்திரங்கள் சில குறுக்கே தெரியும். அவற்றைக் குண்டூசியாக வைத்துப் பொருத்திவிடலாம். வாயுவைக் காட்டும் ரேடியோப் படத்தில் அப்படி ஒரு நட்சத்திரமும் கிடையாது. கோப்பில் எழுதியிருக்கும் எண்களை நம்பித்தான் வைக்கவேண்டும். அந்தக் கோப்பும் பழைய வடிவம். இப்போதைய மென்பொருள் எதுவும் அதைத் திறக்க மறுத்ததால், சேர்ந்த முதல் மாதத்தில் அவளே பத்து வரி கணினி நிரல் எழுதித் திறந்தாள்.

அந்தப் பத்து வரியில் ஆறாவது வரி. படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது; அதன் நடுப்புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கோப்பு சொல்லும். கோப்பு முதல் கட்டத்தை ஒன்று என்று எண்ணுகிறது. அவள் படித்த காலத்து நிரல்மொழியும் ஒன்று என்றுதான் எண்ணும். இப்போது எல்லோரும் எழுதுகிற மொழியோ முதல் கட்டத்தைப் பூஜ்ஜியம் என்கிறது. தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுகிறவரும் பூஜ்ஜியம் என்று எண்ணுகிறவரும் மூன்றாம் மாடிக்கு ஒரே ஆளைத் தேடிப் போனால், வேறு வேறு கதவைத்தான் தட்டுவார்கள். ஒன்றைக் கழித்திருக்கவேண்டும். அவள் கழிக்கவில்லை. வாயுப் படம் முழுவதும் ஒரு கட்டம் கீழேயும் ஒரு கட்டம் இடப்பக்கமும் இறங்கிவிட்டது. வலப்பக்கம் இடைவெளி பெருத்தது அதனால். இடப்பக்கம் தலைகீழானதும் அதனால்.

எட்டு வருஷம். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் அது வெறும் தப்பு. அவள் செய்ததால் அது வக்கீல் சொன்ன சொல்லுக்குச் சாட்சி. 'இவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய கணக்கு.' அந்த மனிதர் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பிறகு அழுகையும் வந்தது. தூசி பார்த்துவிட்டான்.

"என்னக்கா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் ஆறாவது வரியைப் படித்தான். இரண்டு தரம் படித்தான். பிறகு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வரியைத் திருத்திடுங்க. 'மறுபடி கவனமா அளந்ததுல எண் குறைஞ்சது'ன்னு விண்ணப்பத்துல மாத்திடலாம். பொய்யும் இல்ல பாருங்க."

"பொய் இல்லையா?"

"முழுப் பொய் இல்ல."

"முழுசா மறைக்கிற அளவுக்கு உனக்குச் சாமர்த்தியம் பத்தாது. எனக்கும் பத்தாது. விடு," என்றாள். கொஞ்சம் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதவு சாத்தியிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில், வரியை மாற்றி, பெயரை மாற்றிச் சேமித்து, ஒன்றும் தெரியாதவளைப்போல வீட்டுக்குப் போவதை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து யாராவது அந்த நிரலை எடுத்து இன்னொரு மண்டலத்தைப் பொருத்துவார்கள், அவர்கள் படமும் ஒரு கட்டம் இறங்கும், அது தன் கைவேலை என்று தனக்கு மட்டும் தெரியும். அதை நினைத்ததும் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

தலைவி வெளியூரிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வந்தார். டெய்லர் நின்றபடியே சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"இதை எப்போ எழுதினே?"

"சேர்ந்த முதல் மாசம் மேடம்."

"பத்து மாசமா யாரும் பாக்கலையா?"

"நானே பாக்கல மேடம்."

"குழுவுல எல்லார்கிட்டயும் நான் ரெண்டு மடங்குன்னு சொல்லிட்டேன். தெரியுமா உனக்கு? அந்த வக்கீல் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" தலைவி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "உன்னை எடுத்ததுக்கு நான் எத்தனை பேரைப் பகைச்சுக்கிட்டேன்னு தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள், சொல்லவில்லை. கடைசியில், "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுல மிச்சம் என்ன தேறுதுன்னு கொண்டுவந்து காட்டு. ஒண்ணும் தேறலைன்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடறேன்," என்றார்.

ஆறாவது வரியைத் திருத்த அரை நிமிஷம் ஆனது. மறுபடி பொருத்தி, மங்கலாக்கி, நாற்பது இடங்களையும் புதிதாக அளந்து முடிக்கப் புதன்கிழமை மத்தியானம் ஆனது. தூசி கூடவே உட்கார்ந்து, அவள் அளந்ததை அவள் எண்ணைப் பார்க்காமல் தானும் தனியாக அளந்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

வலப்பக்கம் இடைவெளி பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டு மடங்கெல்லாம் போயே போய்விட்டது. இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இருந்தாலும் எண்ணைப் பார்த்தபோது சப்பென்று ஆகிவிட்டது. இடப்பக்கத்தைத் திறந்தாள். நீலப் புள்ளிகள் சிவப்புக்குக் கீழே வந்திருந்தன. ஒன்பதில் எட்டு. கீழே என்றால் அந்தப் பக்கத்துக்கு முன்னால். அம்மா பின்னால், பிள்ளைகள் முன்னால். எண்ணும் வலப்பக்கத்து எண்ணும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன.

"வந்துடுச்சுக்கா," என்றான் தூசி. "ரெண்டு கையும் ஒரே கதையைச் சொல்லுது."

டெய்லர் பழைய தப்பான எண்களை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். படம் ஒரு கட்டம் இறங்கியதால் வலப்பக்கம் எவ்வளவு கூடியதோ, அதே அளவு இடப்பக்கம் குறைந்திருக்கிறது. அப்படியானால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்? கூட்டினாள். பாதியாக்கினாள். திருத்திய எண் அப்படியே வந்து நின்றது. ஆறாவது வரியைத் திருத்தாமலே சரியான விடை உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அளந்துவிட்டால், படத்தை யார் எந்தப் பக்கம் தப்பாக நகர்த்தியிருந்தாலும் அந்தத் தப்பு தானாக அடிபட்டுப் போய்விடும்.

"தூசி, இதுவரைக்கும் யாராவது ரெண்டு பக்கமும் அளந்திருக்காங்களா?"

அவன் கட்டுரைகளைத் தேடினான். வெளிச்சமான பக்கம், தெளிவான பக்கம், வசதியான பக்கம். எல்லோரும் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்கள். வக்கீலின் மூன்று மண்டலங்களும் அப்படித்தான். மூன்றும் அதே பழைய வடிவக் கோப்புகள்.

நாலேகாலுக்குத் தலைவி அறைக்குப் போனாள். இந்தத் தரம் தலைவி உட்காரச் சொன்னார். காகிதத்தை வாங்கித் தானே கூட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"இது நல்ல விஷயம். ரெண்டு மடங்கைவிட நல்ல விஷயம். ஆனா பேப்பர்ல தலைப்பா போட முடியாது," என்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குமா?"

தலைவி ஜன்னல் பக்கம் பார்த்தார். "தெரியாதும்மா. பொய் சொல்லி உன்னை இருக்க வைக்க விரும்பல. நாளைக்கு நான் பேசப் போறதில்ல, நீதான் பேசணும். தப்பு என்னன்னு உன் வாயாலேயே சொல்லணும். அதுக்கப்புறம் வக்கீல் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது."

வராந்தாவுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். பள்ளிக்கூட வேலையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளோடு போய்ப் பிள்ளைகளோடு வரலாம். 'சரி' என்ற ஒரு சொல்லில் வீடே நிம்மதியாகத் தூங்கும். நாளைக்கு வக்கீல் துரத்திவிட்டால் இரண்டும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்தும், அந்த நாற்பது இடங்களை நினைத்தபோது அவளுக்குள் பொங்கிய சந்தோஷம் இருக்கிறதே, அதற்குப் பெயர் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் கணவருக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு என்ன ஆகும்னு தெரியலைங்க. இருந்தாலும் ஸ்கூலை வேணாம்னு சொல்லிடட்டுமா?"

எதிர்முனையில் அவர் யாரிடமோ, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க," என்று சொல்லும் குரல். பிறகு அவர், "நீ கேக்கற தோரணையைப் பாத்தா முடிவு பண்ணிட்டு கேக்கற மாதிரி இருக்கு," என்றார்.

"ஆமா."

"அப்போ சொல்லிடு. தங்கச்சிகிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

நாத்தனார் திட்டவில்லை. "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது இடங்களைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? "யோசிச்சுதான்மா சொல்றேன்," என்றாள் டெய்லர்.

வியாழக்கிழமை காலை குழு கூடியது. நீள மேசை, ஐந்து பேர், வக்கீல் நடுவில். தலைவி ஓரமாக உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். டெய்லர் முதல் படமாக ஆறாவது வரியைத்தான் திரையில் போட்டாள். இதில் ஒன்றைக் கழித்திருக்கவேண்டும், கழிக்கவில்லை, எழுதியது நான், இரண்டு மடங்கு என்று நாங்கள் சொன்னது தப்பு என்றாள். நாலு வாக்கியம். முந்தின நாள் ராத்திரி முப்பது தரம் சொல்லிப் பார்த்தது, ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். கை பழைய பழக்கத்துல எழுதிடுச்சு."

"எட்டு வருஷப் பழக்கம்."

"அதுக்கும் முன்னாடி உள்ள பழக்கம் சார்."

ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வக்கீல் சிரிக்கவில்லை. "இந்த ஒரு தப்பு சிக்கிடுச்சு. இதே மாதிரி இன்னொண்ணு உள்ள இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்விதான். தலைவி கையைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"சொல்ல முடியாது சார். அதனாலதான் ரெண்டு பக்கமும் அளந்தேன்," என்றாள் டெய்லர். இரண்டாவது படத்தைப் போட்டாள். வலப்பக்கம் ஒரு நெடுவரிசை, இடப்பக்கம் ஒன்று, தப்பான எண்கள் மேலே, திருத்தியவை கீழே. இரண்டு விதத்திலும் கூட்டிப் பாதியாக்கினால் ஒரே விடை. "தப்பு இருக்காதுன்னு நான் சொல்ல வரல சார். தப்பு இருந்தாலும் விடை மாறாத மாதிரி அளக்கலாம்னு சொல்றேன். இடப்பக்கம் ஒன்பது இடம்தான் கிடைச்சது. அதை ஒழுங்கா எடுக்கத்தான் தொலைநோக்கியில நேரம் கேக்கறோம்."

வக்கீல் ஒரு வெற்றுக் காகிதத்தை இழுத்து, திரையிலிருந்த எண்களை எழுதிக்கொண்டார். கூட்டினார். பாதியாக்கினார். மறுபடி முதலிலிருந்து கூட்டினார். அவர் பேனா நின்றது. ஆனால் அவர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் வேறு எதையோ பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தன் கட்டுரையைத்தான் பார்க்கிறார் என்பது டெய்லருக்குப் புரிந்தது. அவள் அதைச் சொல்லியிருக்கலாம். பதினோரு மாத வஞ்சத்தையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துக்கொண்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டாள்.

"நான் மூணு மண்டலம் பண்ணியிருக்கேன்," என்றார் வக்கீல், மெதுவாக. குறுக்கு விசாரணைக் குரல் இல்லை அது. "மூணும் ஒரு பக்கம்தான் அளந்தது."

"தெரியும் சார்."

"தெரியுமா?" நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சொல்லல?"

"உங்க எண் சரியாவே இருக்கலாம் சார். அளக்காம எப்படிச் சொல்றது?"

வக்கீல் காகிதத்தைத் தள்ளி வைத்தார். "அந்த மூணையும் ரெண்டு பக்கமும் அளந்து, நான் சரியா தப்பான்னு சொல்ல உங்களுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

ஆறு மாதம் என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். டெய்லர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கோப்பு திறப்பது, பொருத்துவது, மங்கலாக்குவது, தூசி தனியாக அளப்பது.

"ஒழுங்கா பண்ணணும்னா ரெண்டு வருஷம் ஆகும் சார்."

மேசைமேல் ஒப்பந்த நீட்டிப்புப் படிவம் கிடந்தது. வக்கீல் கையை நீட்டி அதைத் தன்பக்கம் இழுத்தார். தலைவியைப் பார்த்து, "வருஷத்தை எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்று கேட்டார். தலைவி எழுந்துவந்து விரல் வைத்துக் காட்டினார். அவர் இரண்டு என்று எழுதிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுக்கச் சொன்னார்.